மின்னொளியும் அதன் விலையும்

ஒளியின்றிக் கல்வி இல்லை. இவ்வுண்மையை எம் தலைமுறையினருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1990 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனபின், ஜாம் போத்தலினுள்ளே சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு, அச்சிறு சுடரின் அருகிருந்து பாடம் படித்தவர் நாம். ஆதலின் மின்சாரத்தைப் பழித்துரைத்தல் எமது நோக்கமன்று. அதன் அருமையை அறிந்தோமாதலினாலேயே, அதற்கு உலகம் கொடுக்கும் விலை யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

மாதந்தோறும் வீட்டுக்கு வரும் சிட்டையில் ஒரு விலை குறிக்கப்பட்டுளது. அதிற் குறிக்கப்படாத விலையும் ஒன்று உண்டு. வற்றாத ஆறொன்று இல்லாத எமது குடாநாட்டுக்குச் சுண்ணக்கற்பாறையினூடே ஊறிவருங் கிணற்றுநீரே உயிர். சுன்னாகத்திலே மின்னுற்பத்தியின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரிற் கலந்தமையால், அயலிலுள்ள கிணறுகளின் நீர் பருகுதற்காகாதென மக்கள் அஞ்சிக் கைவிட்டனர். இது பற்றிய வழக்கிலே பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா வரை நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. விளக்கு எரிந்தது பல ஊர்களில்; கிணறு கெட்டதோ ஓர் ஊரில். இவ்வாறு, பயன் ஒருவர்க்கும் இழப்பு மற்றொருவர்க்குமாகப் பிரிந்து நிற்றலே எரிபொருட் பிரச்சினையின் உட்பொருளாகும். இதனை மனத்திற்கொண்டு ஒவ்வொன்றாக நோக்குவாம்.

நிலக்கரி

நிலக்கரி மலிவானது, எங்குங் கொண்டுசெல்லத்தக்கது, இரவும் பகலும் எரிவது. மேலைநாடுகளின் கைத்தொழிற் பெருக்கம் அதன்மீதே எழுந்தது. ஆயினும் அது தன் கணக்கைப் பல இடங்களிற் பிரித்து எழுதிவைக்கின்றது.

முதலாவது, சுரங்கத்தின் வாயில். வேல்சு நாட்டிலே அபர்வான் என்னும் சிற்றூரின் மேலுள்ள மலைச்சரிவில், சுரங்கக் கழிவைப் பல ஆண்டுகளாகக் குவித்துவந்தனர். 1966 ஆம் ஆண்டு ஒற்றோபர் 21 ஆந் திகதி காலை, மழைநீரும் ஊற்றுநீரும் ஊறிய அக்குவியல் சரிந்து, பாடம் தொடங்கிய வேளையிலே பள்ளிக்கூடத்தை மூடிற்று. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் சிறுவர். ஆபத்து உண்டென ஊரார் முன்னரே முறையிட்டிருந்தனர். விசாரணை மன்றம் நிலக்கரிச் சபையே பொறுப்பெனக் கூறிற்று. அங்ஙனமிருந்தும், எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவில் ஒரு பகுதி, மக்கள் இரங்கி அளித்த நிதியத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அப்பணம் 1997 இலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது. நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் நாம் இவ்வரலாற்றை மனம் பதையாது படிக்க இயலவில்லை.

இரண்டாவது, மக்களின் சுவாசப்பை. 1952 ஆம் ஆண்டு திசெம்பரிலே இலண்டன் மாநகரை ஐந்து நாள் கரிப்புகை மூடிற்று. மூடுபனிக்குப் பழகிய நகரத்தார் முதலில் அதனைப் பெரிதாகக் கொண்டிலர். இறந்தோர் ஏறக்குறைய நாலாயிரவர் என அக்காலத்தில் மதித்தனர். பன்னீராயிரம் வரை இருக்கலாமெனப் பிற்கால ஆய்வாளர் கணித்தனர். 1956 இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது இதன் பயனாகவே.

மூன்றாவது, வானம். பன்னிரண்டு பங்கு காபன் முப்பத்திரண்டு பங்கு ஒட்சிசனுடன் கூடி நாற்பத்துநான்கு பங்கு காபனீரொட்சைட்டாகும் என்பது மாணவர் அறிந்ததே. எனவே ஒரு தொன் காபன் எரியின், மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட வாயு வெளியேறும். அவ்வாயு வளிமண்டலத்தில் நெடுங்காலந் தங்கிப் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கின்றது. எமது நாட்டிலே, 2011 இல் இயங்கத் தொடங்கி 2014 இல் 900 மெகாவாற்றாக நிறைவுற்ற நுரைச்சோலை நிலையத்துக்கு ஆண்டுதோறும் இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி கப்பல்களில் வருகின்றது. காற்றுப் பலமாக வீசுங் காலங்களில் கரித்தூளும் சாம்பலும் தம் தோட்டங்களிற் படிவதாக அயலூர் விவசாயிகள் முறையிட்டு வந்துள்ளனர்.

அணு

ஒரு கிலோகிராம் யுரேனியம் 235 முழுவதும் பிளவுறின், ஏறக்குறைய மூவாயிரம் தொன் நிலக்கரியின் வெப்பத்தைத் தரும். புகை இல்லை, சாம்பல் இல்லை. ஆயின் அதன் விலை அன்றாடம் கேட்கப்படுவதன்று. ஒரு நாளில் ஒருங்கே கேட்கப்படுவது.

1986 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆந் திகதி, உக்கிரேனிலுள்ள செர்ணோபில் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. அயலிலுள்ள பிரிப்பியத்து நகரத்தார், ஏறக்குறைய நாற்பத்தொன்பதாயிரவர், மறுநாள் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். மூன்று நாளில் திரும்பலாமென அவர்களுக்குக் கூறப்பட்டது. அந்நகரம் இன்றும் வெறிதே கிடக்கின்றது. கதிர்த்தொழிற்பாடுடைய அயடீன் புல்லிற் படிந்து, பசுவின் பாலில் ஏறி, அப்பாலைப் பருகிய சிறுவரின் தைரொயிட்டுச் சுரப்பியை அடைந்தது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் அச்சுரப்பியிற் புற்றுநோயுற்றனர். 2011 மார்ச்சு 11 இல் யப்பானின் புக்குசிமாவிலே, ஆழிப்பேரலை மின்பிறப்பாக்கிகளை மூழ்கடித்தமையாற் குளிரூட்டல் நின்று மூன்று உலைகள் உருகின. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு துறந்தனர். ஆங்குக் கதிர்வீச்சினால் இறந்தோரிலும், இடம்பெயர்வின் அலைச்சலால் இறந்த முதியோரே மிகப்பலர். இடப்பெயர்வு என்னும் சொல்லின் பொருளை எமக்கு அகராதி கூறவேண்டுவதில்லை.

இன்னுமொரு கடன் உண்டு. உலைக்கழிவிலுள்ள புளூத்தோனியம் 239 இன் அரைவாழ்வு ஏறக்குறைய இருபத்துநாலாயிரம் ஆண்டுகள். பின்லாந்தினர் அதனைப் புதைத்தற்கு நானூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கருங்கற்பாறையைக் குடைந்துள்ளனர். எமது தமிழின் மிகப் பழைய நூல்களும் இரண்டாயிரம் ஆண்டின் எல்லையிலேயே நிற்கின்றன. அதனினும் பன்மடங்கு பின்வருவோர்க்கு, இவ்விடத்தைத் தோண்டாதீர் என எம்மொழியில் எழுதிவைப்பது? மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், கூடங்குளத்திலே 2013 இல் முதலுலை மின்வலையோடு இணைக்கப்படுமுன், இடிந்தகரை மீனவர் நெடுநாட் போராடியதும் இத்தகைய அச்சத்தினாலேயே.

நீரும் காற்றும் ஞாயிறும்

இவை மூன்றும் எரிபொருளுக்கு விலை கேளாதவை. ஆயினும் இடத்துக்கு விலை கேட்பவை. மகாவலியின் விக்ரோறியா அணை 1985 இல் எழுந்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருள் மறைந்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் 2020 இறுதியில் தொடக்கிவைக்கப்பட்டன. அத்தீவோ வடதிசை நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் பறவைகள் வந்திறங்கும் வழி. மீன்பிடியும் வெள்ளநீர் வடிந்தோடும் வழியும் கெடுமென அஞ்சிய மன்னார் மக்கள், மேலும் காற்றாலைகள் அமைப்பதை எதிர்த்து 2025 இலே வீதிக்கு வந்தனர். ஞாயிற்றின் ஒளியோ இரவில் இல்லை. அதனைச் சேமிக்க மின்கலம் வேண்டும். மின்கலங்கள் பலவற்றுக்கு வேண்டிய கோபாற்றின் பெரும்பகுதி கொங்கோ நாட்டினின்று வருவது. ஆங்குச் சில சுரங்கங்களிற் சிறுவரும் மண் அகழ்கின்றனர்.

ஆயின் எல்லாம் ஒன்றேயோ?

அன்று. எல்லாவற்றிலும் குறையுண்டு என்று கூறி வாளாவிருத்தல் அறிவுடைமையாகாது. ஒரே அளவு மின்சாரத்துக்கு நேரும் உயிரிழப்பைக் கணித்த ஆய்வாளர், அணு, காற்று, ஞாயிறு என்பவற்றிலும் நிலக்கரி பலநூறு மடங்கு கொடியதெனக் கண்டுள்ளனர். செர்ணோபிலைக் கேட்டு நடுங்கும் நாம் கரிப்புகைக்கு நடுங்காதது ஏன்? உலை வெடித்தால் உலகமறியும். கரிப்புகையால் இறப்பவர் ஒவ்வொருவராய்த் தத்தம் படுக்கையில் இறக்கின்றனர்; மரணப் பத்திரத்திலே நிலக்கரி எனும் பெயர் எழுதப்படுவதில்லை. ஒழுங்காக இயங்கும்போதே தீங்கு செய்வது நிலக்கரி. பிழைத்தபோது பெருந்தீங்கு செய்வது அணு. இடமறிந்து அமைத்தாற் பெரும்பாலுந் தீங்கு தவிர்க்கத்தக்கவை காற்றும் ஞாயிறும். ஆதலின் பின்னவற்றையே முதலிற் கொள்ளல் தக்கதென்பது எமது துணிபு. மன்னாரிலே குறை காற்றின்மேலதன்று. இடத்தைத் தெரிதலிலும் ஊராரைக் கேட்டலிலுமே உள்ளது.

எவ்வழி நல்லது என மாணவர் எம்மை வினவுவதுண்டு. நாம் அவர்க்கு மூன்று வினாக்களையே விடையாகக் கொடுப்போம். இதன் விலையைக் கொடுப்பவர் யார்? எத்துணைக் காலம் கொடுப்பர்? கொடுக்குமுன் அவரைக் கேட்டார்களா? இக்கல்லூரியிற் பயின்று இன்று பொறியியலாளராயும் நிருவாகிகளாயும் உள்நாட்டிலும் கடல்கடந்தும் விளங்கும் பழைய மாணவர்களே, இத்தகைய திட்டங்களின் தாள்கள் உங்கள் மேசைக்கு வருவன. கையொப்பமிடுமுன் அம்மூன்று வினாக்களையும் ஒருமுறை கேளுங்கள். போத்தல் விளக்கின் கீழ்ப் படித்த எமக்கு, எம் பிள்ளைகள் நல்லொளியிற் படிக்கவேண்டுமென்னும் ஆசை பெரிது. அவ்வொளிக்காக மற்றோர் ஊரின் கிணறு கெடாதிருத்தல் வேண்டும்.