பனி உருகும் வேளையில் சுரக்கும் இனிப்பு

பேரங்காடிகளில் ‘மேப்பள் சிரப்’ புட்டியை எடுத்து, விலையைப் பார்த்ததும் அடுக்கிலேயே திரும்ப வைத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த விலைக்குக் காரணம் என்ன? அதை அறிய நாம் கனடா வரை செல்ல வேண்டும்.

உலகின் மேப்பள் பாகில் ஏறக்குறைய 70 விழுக்காடு அந்நாட்டின் கியூபெக் மாநிலத்தில் காய்ச்சப்படுகிறது. கோடையில் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையை மேப்பள் மரம் தன் கட்டையில் மாவுச்சத்தாகச் சேமித்து, பின்னர் மீண்டும் சர்க்கரையாக மாற்றுகிறது. பிப்ரவரி இறுதி தொடங்கி ஏப்ரல் வரை, இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் சில வாரங்களே அறுவடைக் காலம். இரவில் கட்டைக்குள் இருக்கும் வாயு சுருங்குகிறது, சாறு உறைகிறது, வேர்கள் நீரை மேலே இழுக்கின்றன. பகலில் பனி உருகியதும் வாயு விரிந்து சாற்றை அழுத்துகிறது. துளையிட்டால் சொட்டுகிறது. மொட்டு விரிந்துவிட்டால் சாற்றின் சுவை கெட்டுவிடும். அத்துடன் பருவமும் முடிந்தது.

நம் பாட்டன் பாட்டியர் வெட்டிய பால்மரத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர் பால் ஊறுவது பட்டையில். உளி கட்டையைத் தொட்டால் மரம் காயப்படும். மேப்பள் சாறு ஓடுவதோ கட்டைக்குள். ஆகவே பட்டையைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் ஆழத்திற்குத் துளையிட வேண்டும். ஆண்டுதோறும் புதிய இடத்தில் துளையிடுவார்கள். பழைய துளை தானே மூடிக்கொள்ளும். துளையிடும் அளவுக்கு மரம் பருக்க ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகும்.

சாறு பார்வைக்குத் தண்ணீர்தான். அதில் சர்க்கரை 2 விழுக்காடு அளவே. ஒரு லிட்டர் பாகு கிடைக்க 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்ச வேண்டும். கொதிநிலை தண்ணீரினுடையதைவிட 4 பாகை செல்சியஸ் உயர்ந்ததும் இறக்குவார்கள். அப்போது சர்க்கரை ஏறக்குறைய 66 விழுக்காடு. பதம் குறைந்தால் பாகு கெட்டுப்போகும். கூடினால் கற்கண்டாக உறையும். இன்று பல இடங்களில் இயந்திர வடிகட்டிகள் முதலில் நீரைப் பிரித்துவிடுகின்றன. எனினும் அடுப்பை விட முடிவதில்லை; பொன்னிறமும் மணமும் கொதிக்கும்போதுதான் பிறக்கின்றன.

இக்கலையை ஐரோப்பியருக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் அனிஷினாபே முதலிய பூர்வகுடி மக்கள். 1791-இல் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், தாமஸ் ஜெபர்சனுக்கு எழுதிய மடலில், அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக மேப்பள் சர்க்கரையை முன்மொழிந்தார். குளிர்நாட்டில் சில வாரங்களே சுரக்கும் சாறு கரும்புக்கு ஈடுகொடுக்கவில்லை, அக்கனவு பலிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே கரும்புதான் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகப் புரொவின்ஸ் வெல்லெஸ்லி தோட்டங்களுக்கும் கொண்டுவந்தது. சர்க்கரையின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

அடுத்த முறை புட்டியைக் கையில் எடுத்தால் பின்பக்கத்தையும் படியுங்கள். மலிவான பலவற்றில் இருப்பது சோளப்பாகும் மணமூட்டியுமே. உண்மையான புட்டியில் இருப்பது ஒன்றே ஒன்று: நாற்பது மடங்கு சாற்றைக் காய்ச்சிய மேப்பள் பாகு. இனி அதன் விலையைப் பார்த்து நாம் வியக்க மாட்டோம். வாங்குவதும் வாங்காததும் அவரவர் பணப்பையைப் பொறுத்தது!