பிரித்தால் பொருள்... கலந்தால் குப்பை!

'பால் கவர், தண்ணீர் பாட்டிலையெல்லாம் தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். வாங்கிக்கொண்டு போய் என்னதான் செய்கிறார்கள்?' கிராமங்களில் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ஊராட்சித் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாக வாங்கும் மக்காத குப்பை, முதலில் தரம் பிரிக்கும் இடத்துக்குப் போகிறது. பெரும்பாலான ஊர்களில் அங்கே கையால்தான் பிரிக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

அட்டை, காகிதம்: தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கி, மறுபடியும் அட்டையாக்குகிறார்கள். எண்ணெய், குழம்பு பட்ட காகிதம் இதற்கு ஆகாது.

தண்ணீர், குளிர்பான பாட்டில்: மூடி, லேபிளை நீக்கி, சிறு துண்டுகளாக நறுக்கிக் கழுவுகிறார்கள். அதை உருக்கி இழுத்தால் பாலியெஸ்டர் நூல்.

குடம், வாளி, பால் கவர்: வகைவாரியாகப் பிரித்து உருக்கி, குருணையாக்கி, புதுப் பொருள் செய்கிறார்கள்.

இரும்பு, அலுமினியம், கண்ணாடி: எத்தனை முறை உருக்கினாலும் பயன்படும்.

கிழிந்த பிளாஸ்டிக் பைகள்: தூளாக்கி, சூடான ஜல்லியில் தூவினால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதில் தாரைக் கலந்து சாலை போடலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டறிந்த முறை இது. அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பி.வி.சி பைப் இதற்கு உதவாது.

சிப்ஸ், ஷாம்பு பாக்கெட்: பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் பிரிப்பது கடினம். சிமென்ட் ஆலைகளில் எரிபொருளாகப் போகிறது. வாங்குவதைக் குறைப்பதே நல்லது.

விவசாயிகள் கவனத்துக்கு...

பூச்சிக்கொல்லி பாட்டிலை வீட்டுக் குப்பையில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். பிரிப்பவர் வெறும் கையால் தொடக்கூடும். மருந்து காலியானதும் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றுங்கள். மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி பாட்டிலில் ஓட்டை போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியாக வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று ஊராட்சியில் கேட்டுக் கொடுங்கள். வாய்க்காலிலோ, கிணற்று மேட்டிலோ வீச வேண்டாம்.

மக்கும் குப்பை உரமாகி நிலத்துக்கே திரும்புகிறது. அதில் கண்ணாடித் துண்டோ, பேட்டரியோ கலந்தால், அதுவும் நம் வயலுக்குத்தான் வந்து சேரும். வரப்பில் கிடக்கும் கவரை மாடு தின்றால், முதல் வயிற்றிலேயே தங்கிவிடும். தீவனம் எடுக்காது, வயிறு உப்பும். முற்றினால் அறுவை சிகிச்சைதான். பழைய பைப், கவரை எரித்தாலோ நச்சுப்புகை.

வீட்டில் ஒரு பழைய சாக்கை மாட்டுங்கள். பால் கவரை அலசி, காயவைத்து அதில் போடுங்கள். ஈரமும் எச்சிலும் இல்லாத பொருளுக்குத்தான் விலை கிடைக்கும். பிரிப்பவருக்கும் கஷ்டம் குறையும்.