சீருடை உத்தியோகத்தரும் இடர்க்கால ஆயத்தமும்
(தீவகத்தை முன்வைத்து ஒரு நோக்கு)

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று உளது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்து தங்குதல் வேண்டும், அவர்க்குக் காவல் அளிக்கப்படுதல் வேண்டும் என்பது அதன் முற்பகுதி. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோயின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், வேறு வாணிகச் சரக்குக் கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் சேரும் என்பது அதன் பிற்பகுதி. கலம் உடையுமுன்னரே உடைந்தபின் செய்யவேண்டுவது யாது என விதித்துக் கல்லிலே பொறித்துவைத்த அரசாணை இது. போரில் வேண்டிய யானைக்கும் குதிரைக்கும் அரசன் காட்டிய சலுகை அவனது நோக்கத்தைப் புலப்படுத்துகின்றது, அது நிற்க. இடர் வரும் என ஏற்றுக்கொண்டு அதற்கான நடைமுறையை முன்கூட்டி வகுக்கும் அறிவு தீவகத்துக்குப் புதியதன்று என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. அதனை அடுத்துக் கிடக்கின்றது தனிநாயக அடிகள் பிறந்த கரம்பொன். துறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட கடலில், கரையிலிருந்து தனித்து நிற்கின்றது போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டை. ஒல்லாந்தர் இதனை 'அமென்ஹீல்' என அழைத்தனர். பன்றித்தொடையின் குதிப்பகுதி என்பது அச்சொல்லின் பொருள். இலங்கையின் வடிவம் பன்றித்தொடை இறைச்சி போன்றது என அவர்கள் கண்டமையால் அதன் நுனியிலுள்ள இடத்துக்கு இப்பெயர் வாய்த்தது.

1658ஆம் ஆண்டிலே இக்கோட்டை வீழ்ந்த வரலாறு, ஆயத்தத்தைப் பற்றி எழுதப்படும் எந்த நூலிலும் முதல் அத்தியாயமாக வைக்கத்தக்கது. நாற்புறமும் கடல், தரைப்படை அணுக இயலாது. ஆயினும் கோட்டையினுள் ஊற்று இல்லை. குடிநீர் முழுதும் தேக்கி வைக்கப்பட்டதே. முற்றுகையின்போது நன்னீர் அற்றுப்போகவே உள்ளிருந்தோர் சில கிழமைகளுக்குள் அடிபணிந்தனர். யாழ்ப்பாணக் கோட்டையும் அவ்வாண்டு யூன் மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பட்டது. அப்படையுடன் மதகுருவாக வந்த பால்தேயுஸ் பாதிரியார் பின்னர் 1672இல் வெளியிட்ட தமது நூலில் இந்நிகழ்ச்சிகளை விரித்துரைத்துள்ளார். கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் உள்ளே நீர்த்தொட்டி அமைப்பதிற் கருத்தூன்றினர். பகைவனின் தோல்வியிலிருந்து பாடங் கற்றனர் போலும்.

சீருடை தரித்த சேவைகளிலே ஆயத்தம் எனும்போது கருவிகளும் கலங்களுமே பலர் நினைவுக்கு வருகின்றன. எந்தப் பதவியில் யார் உளர், அவர் இல்லாதபோது அப்பொறுப்பை ஏற்பவர் யார், அவரை எங்ஙனம் அழைப்பது என்னும் வினாக்கள் அத்துணை முக்கியமாகத் தோன்றுவதில்லை. வர்த்தமானியில் வெளிவரும் நியமனம், இடமாற்றம், பதவியுயர்வு, ஓய்வு என்பன குறித்த செய்திகளை உற்றார் மகிழ்வதற்குரிய வெறும் விவரமாகக் கருதுவோர் பலர். உண்மையில் ஆயத்தத்தின் அடித்தளம் அப்பட்டியலேயாம். அது பிழைபடின் நேர்வது யாது என்பதற்குச் சான்றுகள் உள.

1964 திசெம்பர் 22ஆம் நாள் வடஇலங்கையைக் கடந்த சூறாவளி அன்றிரவே பாக்கு நீரிணைக்கப்பாலுள்ள தனுஷ்கோடியைத் தாக்கியது. பாக்கு நீரிணை ஆழம் மிகக் குறைந்தது. ஆழ்கடலிற் காற்றினால் தள்ளப்படும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் செல்ல இடம் உண்டு. ஆழமற்ற கடலில் அதற்கு இடமின்மையால் நீர் குவிந்து கரைமேல் ஏறுகின்றது. தனுஷ்கோடியில் எழுந்த நீர்மட்டம் ஏறக்குறைய 7 மீற்றர் என மதிப்பிட்டனர். நள்ளிரவுக்குச் சற்றுமுன் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் இலக்கப் பயணிகள் புகைவண்டி தனுஷ்கோடி நிலையத்தை அணுகியபோது கைகாட்டி இயங்கவில்லை. வண்டி சிலபொழுது நின்றது. பின்னர்ச் சாரதி ஊதொலி எழுப்பி முன்னே செலுத்தினார் என்பர். வண்டியை அலை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தொடர்புகள் அறுந்தமையால் அச்செய்திதானும் உரிய இடத்தை உடனே எட்டவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 2004 திசெம்பர் 26ஆம் நாள் காலை இலங்கை நேரம் 6.58 அளவிற் சுமாத்திராவுக்கு அண்மையிற் பூமி அதிர்ந்தது. கிழக்குக் கரையை அலை அடைய ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. தெற்கிலும் தென்மேற்கிலும் அதனினும் கூடிய நேரம் இருந்தது. கொழும்பிலிருந்து மாத்தறை நோக்கிச் சென்ற புகைவண்டியை நிறுத்த மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்தார் முயன்றனர். அம்பலாங்கொடை நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தனர். அந்நிலைய ஊழியர் அப்பொழுது வந்துநின்ற அதே வண்டியின் அலுவலில் ஈடுபட்டிருந்தமையால் மணியோசைக்கு விடையளிப்பார் இல்லை. அவர்கள் கருவியைக் கையிலெடுத்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது. பெரலிய என்னுமிடத்தில் அது அலையில் அகப்பட்டது. இறந்தோர் தொகை 1,700க்கு மேல் என மதிப்பிடப்பட்டது.

முன்னைய நிகழ்ச்சியிற் செய்தி இல்லை. பின்னையதிற் செய்தி இருந்தது, கேட்க ஆள் இல்லை. அங்கு எவரும் கடமை தவறினார் அல்லர் என்பதே உள்ளத்தை உறுத்துவது. ஒவ்வொருவரும் தத்தம் வேலையையே செய்துகொண்டிருந்தனர். தொலைபேசியருகில் எஞ்ஞான்றும் ஒருவர் இருத்தல் வேண்டும் என்ற ஏற்பாடு ஒன்றே குறைந்தது. அவ்வழிவின்பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அமைந்தது. மாவட்டந்தோறும் இதற்கெனப் பொறுப்புடையோர் நியமிக்கப்படலாயினர்.

ஆட்களைப் பற்றிய ஏற்பாட்டிலே மற்றுமொரு வகைக் குறையும் உண்டு. அது தீவகத்திலேயே நிகழ்ந்தது. 1992 ஓகஸ்ட் 8ஆம் நாள் அராலித்துறையில் நேர்ந்த வெடிப்பிலே வடபகுதிப் படைத் தளபதி டென்சில் கொப்பேகடுவ, படையணித் தலைவர் விஜய விமலரத்ன, வடபகுதிக் கடற்படைத் தளபதி மொகான் ஜயமகா ஆகியோரும் வேறு பல உயர் உத்தியோகத்தரும் ஒருங்கே மாண்டனர். வெடிப்பின் காரணம் பற்றிப் பின்னர் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. காரணம் எதுவாயினும், தரைப்படை, கடற்படை இரண்டினதும் வடபகுதித் தலைமைப் பதவிகள் ஒரே கணத்தில் வெறிதாயின. ஒரு பொறுப்பை வகிப்பவரும் அவர்க்கு அடுத்தவரும் ஒரே ஊர்தியிற் செல்லலாகாது என்பது பல நாடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. விதியை அறிதல் எளிது. அவசரத்தில் அதனைப் பேணுதல் அரிது.

இனி, இடமாற்றத்தை நோக்குமிடத்து ஒரு முரண்பாடு புலனாகும். பழைய முறையில் விதானையார் ஊரவர். எந்த வீட்டில் நோயாளர் உளர், எவரிடம் வள்ளம் உண்டு, எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பன அவர்க்கு மனப்பாடம். 1963ஆம் ஆண்டில் அப்பதவி நீங்கிக் கிராம சேவகர் பதவி வந்தது. பரீட்சையால் தெரிவுசெய்யப்பட்டு இடமாற்றத்துக்கும் உட்படும் உத்தியோகத்தர் இவர். பரம்பரைச் செல்வாக்கும் அதன் தீங்குகளும் குறைந்தமை நன்மையே. ஆயின் விதானையாரின் மனத்திலிருந்த பதிவேடு அவருடனேயே சென்றுவிட்டது. மனத்திலிருந்ததைத் தாளிலே ஏற்றிப் புதியவரிடம் ஒப்படைத்தாலன்றி, ஒவ்வோர் இடமாற்றமும் ஊருக்கு ஒரு மறதியாகும். சூறாவளி வந்ததோ அடுத்த ஆண்டு மார்கழியில்.

இடமாற்றமே பலமாக அமைந்த சேவையும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே கப்பலோட்டிகளின் நோய்தீர்க்க 1798ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவ ஏற்பாடு துறைமுகந்தோறும் உள்ளூர்ச் செல்வாக்கில் அகப்பட்டுக் கிடந்தது. 1871இல் அதன் தலைமையை ஏற்ற யோன் வுட்வேர்த் மருத்துவர்க்குச் சீருடையும் பரீட்சையும் விதித்து, தேவைப்படும் இடத்துக்கு அனுப்பத்தக்க ஓர் அணியாக அவர்களை ஆக்கினார். 1889இல் அது சட்டத்தால் உறுதிபெற்றது. இன்று பொதுச் சுகாதார சேவையின் ஆணைபெற்ற அணி என வழங்கும் அது, படைக்கலம் ஏந்தாத சீருடைச் சேவை. 2014இல் லைபீரியாவில் எபோலா நோய் பரவியபோது அவ்வணியினர் மொன்ரோவியா சென்று, நோய்வாய்ப்பட்ட சுகாதார ஊழியர்க்கென மருத்துவமனை நடாத்தினர். முகவரியும் உடற்றகுதியும் தடுப்பூசி விவரமும் பிழையின்றிப் பதிவில் உள்ளமையே அவ்வுத்தியோகத்தர் அழைக்கப்படுவதற்குரிய முதற் தகுதி. வீட்டைப் பற்றிய ஏற்பாடும் அதனுள் அடங்கும். முதிய பெற்றோரை யார் பார்ப்பார், பிள்ளைகள் எங்கே தங்குவர், உறுதிகளும் பிறப்புச் சான்றுகளும் நனையாத உறையில் உளவா என்பன தீர்க்கப்படாதவிடத்து, உடல் கடமையிலும் உள்ளம் வீட்டிலுமாக நிற்கும் உத்தியோகத்தரால் பிறர்க்குப் பயனில்லை.

தீவகத்திலே இன்னுமொன்று கருதாது விடலாகாது. பட்டியலும் கலமும் இருந்தும் மக்கள் சீருடையை நம்பி அணுகாராயின் ஆயத்தம் நிறைவுறாது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிலே பெண்களும் குழந்தையும் உட்பட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர், அரசாங்கம் மறுத்தது. அந்நாளை நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். அதே நெடுந்தீவிலிருந்து இரவில் கடும் நோயாளரைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவரக் கடற்படைக் கலம் பலகால் உதவியும் உள்ளது. இவ்விரண்டும் ஒரே கடலில் நிகழ்ந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றையதை மறைத்தல் வரலாறாகாது. சூறாவளி எச்சரிக்கை விடுத்து வீட்டைவிட்டு வெளியேறும்படி சீருடையாளர் கூறும்போது, எழுந்து செல்வதோ கதவை அடைப்பதோ அந்த நினைவுகளைப் பொறுத்தே அமையும். ஊர் மொழியிற் பேசும் உத்தியோகத்தர் அவ்விடத்தில் நியமிக்கப்பட்டிருத்தலும் அங்கே தீர்வுதரும் காரணமாகும்.

அவ்வகையில், சேவைகளின் ஆட்பதிவு வரலாற்றையும் மாணவர் அறிந்திருத்தல் தகும். இலங்கைத் தரைப்படைக்கு 1955இல் முதல் இலங்கையர் தளபதியானவர் அன்ரன் முத்துக்குமாரு. 1950 திசெம்பர் 9ஆம் நாள் நிறுவப்பட்ட கடற்படைக்கு 1960 தொடக்கம் 1970 வரை தலைமை தாங்கியவர் இராஜன் கதிர்காமர். 1964ஆம் ஆண்டுச் சூறாவளிக் காலத் தளபதியும் அவரே. காரைநகர்க் கடற்படைத் தளம் எல்லாள மன்னன் பெயரையே தாங்கி நிற்கின்றது. பின்னாளில் இச்சேவைகளிற் தமிழர் தொகை மிக அருகியது.

கல்லூரி ஆண்டு மலர்களிலே பழைய மாணவர் பகுதி ஒன்று உண்டு. மருத்துவராய், பொலிஸ் உத்தியோகத்தராய், சுகாதாரப் பரிசோதகராய் நியமனம் பெற்றோரும் இடமாற்றம் பெற்றோரும் அதிற் குறிக்கப்படுவர். பெயரும் பதவியும் இடமும் நாளும் பிழையின்றி எழுதப்பட்ட அப்பக்கங்கள், தீவகத்தில் யார் எப்பொழுது எப்பொறுப்பில் இருந்தனர் என்பதற்குக் கந்தோர்க் கோப்புகள் போரில் எரிந்தும் சிதறியும் போனபின் எஞ்சிய சிலவற்றுள் ஒன்று.