ஊர்க் கணக்கு பார்க்கவும் பட்டம் உண்டு

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பது நம் பழமொழி. இதைச் சொல்லிச் சொல்லியே நாம் வயல் கணக்கை எழுதாமல் விட்டோம். ஊர்ப் பொதுக் கணக்கையும் கேளாமல் விட்டோம். பொதுக் கணக்கைப் பொறுத்தவரை இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டும். உழுதவன் கணக்குப் பார்க்காவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது.

விவசாயப் பகுதியில் ஊராட்சிக் கணக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சங்கரன்கோவில் வட்டாரம் பெரும்பாலும் வானத்தை நம்பிய பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் குளங்களை நிரப்புகிறது. உளுந்து, மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், பூ எதுவானாலும் குளத்து நீரும், குளத்தால் ஊறும் கிணற்று நீருமே கைகொடுக்க வேண்டும். அந்தக் குளத்தைத் தூர்வாருவதும், கரையைப் பலப்படுத்துவதும், வரத்துக்காலைச் சீர்செய்வதும் பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடக்கிற வேலைகள். வேலை சரியாக நடந்ததா என்பது உரத்தைப் போலவும் விதையைப் போலவும் விளைச்சலைத் தொடுகிற விஷயமாகும்.

ஒரு பெரியவர் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் மண் மாதிரி எடுக்கும் முறையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெரியவர், “ஐயா, எங்க மண்ணுக்குப் பரிசோதனை இருக்கு. எங்க குளத்துல நடந்த வேலைக்குப் பரிசோதனை உண்டா?” என்று கேட்டார். அரை மீட்டர் ஆழம் தூர்வாரியதாக எழுதியிருக்கிறார்கள், கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை என்பது அவருடைய குறை. வரத்துக்கால் வேலைக்கு வந்த பணத்தையும் காணோம் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள்.

அன்று எனக்குச் சரியான விடை தெரியவில்லை. பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். பரிசோதனை உண்டு. அதற்கு வேண்டியவை ஓர் அளவு நாடா, ஒரு நோட்டுப் புத்தகம், ஆண்டுக்கு ஆறு நாள். அவ்வளவே.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே

ஊர்க் கணக்கைக் கேட்பது நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. ஏரியைப் பார்க்கவென்றே ‘ஏரி வாரியம்’ இருந்தது. அதற்கு ஆறு பேர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. அந்தச் சபை எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. நிலமும், வீடும், வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம். அந்தக் குறை இன்று நீங்கிவிட்டது. கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி மட்டும் நிலைத்திருக்கிறது.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. அதன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினரே. நிலம் இல்லாதவரும், குத்தகைக்காரரும், பெண்களும் சமமான உறுப்பினர்கள். ஊராட்சியின் திட்டத்துக்கும், வரவு செலவுத் திட்டத்துக்கும், தணிக்கை அறிக்கைக்கும் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். நடக்கிற வேலைகளின் முன்னேற்றத்தை ஆய்வு செய்வதும் சபையின் பணியாகும். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் ஒருவர் கையொப்பம் போதாது. துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ள பாதுகாப்பு.

கூட்டம் செல்லுபடியாக ஆள் எண்ணிக்கை உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆகவே நூறு பேர் வர வேண்டிய ஊரில் முப்பது பேர் வந்து, மீதிக் கையெழுத்தை வீடு வீடாக வாங்குவது முறையன்று. வராத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவதும், எடை பார்க்காமல் விளைபொருளை விற்பதும் ஒன்றே.

சங்கரன்கோவில் நகராட்சி எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. அவர்களுக்காக வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் வந்துள்ளன. கழிவுநீர் வாய்க்கால் குளத்தில் கலப்பது போன்ற குறைகளை அங்கே எழுப்பலாம்.

எந்தப் பட்டத்தில் எதைக் கேட்பது?

விதைப்புக்குப் பட்டம் இருப்பதுபோலக் கேள்விக்கும் பட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அவை விவசாயப் பருவத்தோடு நன்றாகவே பொருந்துகின்றன.

ஜனவரி 26 (தை): வரும் ஆண்டு எந்தக் குளம், எந்தக் கால்வாய் என்று திட்டத்தில் சேர்க்கச் சொல்ல ஏற்ற நாள். வேலையை இடத்தின் பெயரோடு தீர்மானத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.

மார்ச் 22 (பங்குனி): உலகத் தண்ணீர் நாள். ஊரிலுள்ள குளம், ஊருணி, பொதுக்கிணறு ஆகியவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மே 1 (சித்திரை): குளம் வற்றிக் கிடக்கும். தூர்வாரும் வேலை இருந்தால் மதிப்பீட்டைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டிய நாள் இதுவே. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் குறித்துக் கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 15 (ஆடிக் கடைசி): வேலை முடிந்ததா, பட்டியல் கொடுத்தாகிவிட்டதா, அளவுப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அக்டோபர் 2 (புரட்டாசி): மழைக்கு முன் கடைசி வாய்ப்பு. மடைப்பலகை, மறுகால், வரத்துக்கால் அடைப்பு ஆகியவற்றைப் பேசி முடிக்க வேண்டும்.

நவம்பர் 1 (ஐப்பசி): உள்ளாட்சி நாள். எந்தக் காலில் நீர் வந்தது, எங்கே கரை கசிகிறது என்று நேரில் கண்டதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த தையில் அதுவே சான்றாகும்.

நாடா பிடித்துப் பார்க்கும் முறை

மண் வேலைக்குக் கணக்கு எளிது. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். உதாரணமாக 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 1,200 கன மீட்டர். நாம் லோடு கணக்கில் சொல்லும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதாவது சுமார் 2.83 கன மீட்டர். ஆகவே 1,200 கன மீட்டர் என்பது ஏறத்தாழ 424 யூனிட். வெட்டிய மண் தளர்ந்து பெருகும் என்பதால், வண்டியில் ஏறும்போது இதைவிடக் கூடுதலாகவே வரும். நூறு லோடுதான் வெளியேறியது என்றால் கணக்கு உதைக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆழத்தை அளப்பதற்கு, தோண்டும் இடத்தின் நடுவே பழைய தரைமட்டம் தெரியும்படி சில மண் திட்டுகளை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். திட்டின் உச்சியிலிருந்து அடிவரை அளந்தால் ஆழம் கிடைத்துவிடும். மழை பெய்து நீர் நின்றபின் யாராலும் அளக்க முடியாது.

அரை மீட்டருக்குப் பதில் 30 சென்டிமீட்டரே தோண்டியிருந்தால் நட்டம் எவ்வளவு? 1,200-க்குப் பதில் 720 கன மீட்டர். குறைந்தது 480 கன மீட்டர். ஓர் ஏக்கருக்கு இரண்டு அங்குலம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ 205 கன மீட்டர் வேண்டும். ஆக, இரண்டேகால் ஏக்கருக்கும் சற்றுக் கூடுதலான நிலத்துக்கு ஒரு தண்ணீர் போயிற்று. உளுந்து பூத்துக் காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

வேறு இரண்டையும் பார்க்க வேண்டும். கரையை ஒட்டி மண் எடுக்கக் கூடாது, கரை பலவீனப்படும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டினால் அந்த நீர் மடை வழியே வயலுக்கு வராது. கிணற்று ஊற்றுக்கு மட்டும் உதவும். எது வேண்டும் என்பதை மதிப்பீடு போடும்போதே பேசிக்கொள்வது நல்லது.

கரம்பை மண்ணுக்கும் கணக்கு உண்டு. குளத்து வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க 2017 முதல் அரசு வழி செய்தது. 2024-இல் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி கிடைக்கும்படி எளிமையாக்கப்பட்டது. வயலுக்கென்று வாங்கிய அனுமதியில் மண் வேறெங்காவது போகிறதா என்று கவனிப்பதும் ஆயக்கட்டுதாரர் பொறுப்பே.

யாரைக் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள குளங்கள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். குட்டை, ஊருணி போன்றவற்றை ஊராட்சி பார்த்துக்கொள்ளும்.

கேட்டும் கிடைக்காவிட்டால்

ராஜஸ்தானில் கூலி வேலைக்காரர்களும் சிறு விவசாயிகளும் 1994 டிசம்பரில் ஊர்நடுவே கூடி, பொதுப்பணிக் கணக்குகளை உரக்கப் படிக்கச் செய்தார்கள். பட்டியலில் கூலி வாங்கியதாக எழுதப்பட்டவர்களே எழுந்து நின்று உண்மையைச் சொன்னார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் அமர்ந்து போராடினார்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் நாடு முழுவதற்கும் வந்ததற்கு அந்த எளிய மக்களின் முயற்சி ஒரு முக்கியக் காரணம்.

அச்சட்டப்படி ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. மனு அலுவலகம் மாறிப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். ‘எல்லாக் கணக்கும் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘இந்தக் குளத்தில் இந்த ஆண்டு நடந்த தூர்வாரும் பணியின் மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கங்கள், பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல் வேண்டும்’ என்று எழுதுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும்கூட அச்சட்டம் உரிமை தருகிறது. மண் மாதிரி எடுக்கத் தெரிந்த நமக்குச் சிமெண்டுக் கலவையில் மாதிரி எடுப்பது பெரிய காரியமா?

பெரியவரின் குளம் என்ன ஆயிற்று?

அவ்வூரார் கிராம சபையில் அமைதியாகவே கேட்டார்கள். அளவுப் புத்தகம் வந்தது. எல்லாரும் பார்க்க நாடா பிடித்ததில் ஆழம் குறைவுதான். மறுஅளவு எடுத்துப் பட்டியல் தொகை குறைக்கப்பட்டது. ஆனால் வரத்துக்கால் விஷயத்தில் ஊரார் சந்தேகம் தவறு. அந்த வேலைக்குப் பணம் இன்னும் வரவே இல்லை. ஆண்டு முழுதும் வீண் பழி சுமந்தவர்கள் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

கணக்கு வெளியே வந்தால் தவறு செய்தவர் பிடிபடுவார். தவறு செய்யாதவர் காக்கப்படுவார். எனவே கேட்பதைப் பகையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கேட்பவரும் குரலை உயர்த்தத் தேவையில்லை. அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது செல்லுங்கள். தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். சட்டைப் பையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும்.