பாடி இருக்கு, மூச்சு இல்லை

தமிழ்நாடு காவல்துறையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர விரும்பும் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். இதற்காக விடியற்காலையில் மைதானத்துக்கு வரும் இளைஞர்களில் சிலருக்குத் தோளும் மார்பும் ஜிம்மில் செதுக்கியது போலத் திரண்டிருக்கும். ஆனால் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நிற்பவர்கள் அவர்களாகவே இருப்பார்கள். “பாடி இருக்கு, மூச்சு இல்லை” என்பார் ஓட்டப் பயிற்சி தரும் மாஸ்டர். தம் பழக்கம் உண்டா என்று கேட்டால், “தினமும் எல்லாம் இல்லைண்ணே, டீ குடிக்கிறப்ப எப்பவாச்சும் ஒண்ணு” என்று பதில் வரும்.

எப்போதாவது பிடிக்கும் சிகரெட்டின் பாதிப்பு கண்ணாடியில் தெரிவதில்லை. அதனால்தான் உடம்பைத் தேற்றுகிறவர்கள் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

புகையிலை எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிக வலுவோடு இது ஒட்டிக்கொள்ளும். பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்ததைப் போல, இது உட்கார்ந்த இடத்தில் ஆக்சிஜன் ஏற வழியில்லை. போதாக்குறைக்கு, மற்ற இடங்களில் ஏறிய ஆக்சிஜனையும் ஹீமோகுளோபின் தசைக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்காது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் குறை உறைக்காது. முழு வேகத்தில் ஓடும்போதுதான் தெரியும். இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகிறது. இரவு பதினொரு மணிக்கு நண்பர்களோடு நின்று நாலு சிகரெட் பிடித்தவர் காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஷூ லேஸ் கட்டும்போது, அந்த வாயுவில் ஏறத்தாழப் பாதி இன்னும் அவர் ரத்தத்திலேயே இருக்கும்.

பிரிட்டனின் மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் டெகன்ஸும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை ஜிம்முக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். புகைப்பவர்கள், புகைக்காதவர்கள் இரு தரப்பினரின் தொடைத் தசைகளையும் மின்தூண்டல் மூலம் திரும்பத் திரும்பச் சுருங்க வைத்துப் பார்த்தார்கள். மனவுறுதி, உற்சாகம் எதற்கும் இதில் வேலையில்லை. தசை மட்டுமே தேர்வு எழுதுகிறது. அதிகபட்ச வலுவில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. ஆனால் புகைப்பவர்களின் தசை சீக்கிரமே களைத்துப்போனது. இன்னொரு சோதனையில், புகைக்காதவர்களுக்கே கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்கக் கொடுத்து, ரத்தத்தில் அதன் அளவைச் சுமார் 6 சதவீதத்துக்கு உயர்த்தினார்கள். வலு அப்படியே இருந்தது, களைப்பு மட்டும் முந்திக்கொண்டது. தசையைக் களைப்படைய வைக்கப் பல வருடப் பழக்கம் தேவையில்லை, அந்த நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் வாயுவே போதும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. முதல் செட்டில் தூக்கும் எடை குறையாது. நான்காவது செட்டின் கடைசி ரெப்கள்தான் காணாமல் போகும். தசை வளரத் தூண்டுவதில் அந்தக் கடைசி ரெப்களுக்குப் பெரிய பங்குண்டு.

தசை வளர்ச்சியை நேரடியாக அளந்த ஆய்வு ஒன்று டென்மார்க்கில் நடந்து, 2007இல் வெளியானது. புகைப்பவர்களின் தசையில் புதிய புரதம் உருவாகும் வேகம் தெளிவாகக் குறைந்திருந்தது; தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணு அதிகமாகச் செயல்பட்டது. அவர்கள் நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் பல்லாண்டுகள் புகைத்தவர்கள், வயதிலும் மூத்தவர்கள். வாரத்துக்கு இரண்டு பிடிக்கும் இருபத்திரண்டு வயதுக்காரருக்கு அந்த அளவை அப்படியே பொருத்துவது நேர்மையாகாது. ஆனாலும் காசைக் கொட்டி வாங்கிய புரோட்டீன் பவுடரைக் கலக்கிக் குடித்த கையோடு பெட்டிக்கடையில் தொங்கும் லைட்டரை நோக்கி நடப்பதைப் பார்க்கும்போது மனசு பதறத்தான் செய்கிறது. களைத்த தசைக்கு ரத்தம் தாராளமாகப் பாய வேண்டிய நேரத்தில் நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நாடித்துடிப்பையும் ஏற்றுகிறது.

சிகரெட்டுக்குப் பதில் பீடி பரவாயில்லை என்று நினைப்பதும் தப்பு. பீடி இலையில் காற்று புகாததால், அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடும் கூடுதலாக உள்ளே போகிறது.

உடற்பயிற்சி செய்கிறவர் முதலில் காப்பாற்ற வேண்டியது இதயத்தை. பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 2018இல் வந்த பெரிய தொகுப்பாய்வு 141 நீண்டகால ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் இதயநோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். உடம்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

நல்ல செய்தியும் மான்செஸ்டரிலிருந்தே வந்தது. புகைப்பதை 14 நாட்கள் நிறுத்தியதுமே தசையின் களைப்பைத் தாங்கும் திறன் கூடியதாக 2021இல் அதே பல்கலைக்கழகத்தார் வெளியிட்டார்கள். எப்போதாவது பிடிப்பவர்களை இழுப்பது பெரும்பாலும் நிகோட்டின் ஏக்கமல்ல, டீக்கடையும் சேர்க்கையும்தான். ஆகவே உடல்தகுதித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டால், கூட ஓடும் நண்பர்களோடு பேசி எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துவது சுலபம். தனியாக முடியவில்லையென்றால் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசகர்கள் பேசுகிறார்கள்.