எண்ணுவதற்கு 12 சொல் போதும்!

இன்றைய போலந்து நாட்டில் பியாலிஸ்டாக் என்று ஓர் ஊர். 19-ம் நூற்றாண்டில் அங்கே யூதர், போலந்துக்காரர், ரஷியர், ஜெர்மானியர் எல்லோரும் வசித்தார்கள். ஆளுக்கு ஒரு மொழி! ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஓயாத சச்சரவு.

அந்த ஊரில் 1859-ல் பிறந்தவர் சாமென்ஹாப். கண் டாக்டர். எல்லோரும் சுலபமாகக் கற்கும்படி ஒரு பொது மொழியை அவரே உண்டாக்கினார். 1887-ல் அதை வெளியிட்டார். அதுதான் 'எஸ்பெராண்டோ'.

எண்கள்

ஒன்று முதல் ஒன்பது வரை 9 சொற்கள். பத்து, நூறு, ஆயிரத்துக்கு 3 சொற்கள். இந்த 12 சொற்களைக் கொண்டே 9,99,999 வரை எண்ணிவிடலாம்!

இரண்டு என்பது 'து'. பத்து என்பது 'தெக்'. சேர்த்துச் சொன்னால் 'துதெக்'. அதாவது, இருபது!

பின்னங்கள்

எண்ணோடு 'ஓனோ' சேர்த்தால் பின்னம். 'து' இரண்டு, 'துஓனோ' அரை. 'க்வார்' நான்கு, 'க்வாரோனோ' கால். 'திரி' என்றால் மூன்று. ஆகவே முக்காலுக்கு, 'திரி க்வாரோனோய்'. கடைசியில் வரும் 'ய்' பன்மையைக் காட்டும்.

சாமென்ஹாப் 1917-ல் காலமானார். அவர் விரும்பியபடி உலகில் சண்டை ஓயவில்லை. ஆனால் அவருடைய மொழி மட்டும் ஓயவில்லை. பல நாடுகளில் இன்றும் அதைப் பேசுகிறார்கள், அதில் எண்ணுகிறார்கள்!