பழைய சைக்கிள் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்க!

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பெரும்பாலும் சமவெளிதான். கியர் இல்லாத பழைய ஹெர்குலஸே இங்கே தாராளமாகப் போதும். அதை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்து மாட்டுவது நல்ல பொழுதுபோக்கு. ஆனால், அவசரப்பட்டால் காசும் போகும், வம்பும் வரும்.

எதை முதலில் பார்க்கணும்?

ஃபிரேமை. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் அரித்துவிடும். சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு இருக்கும் இடத்தையும், குழாய்கள் சேரும் மூட்டுகளையும் பாருங்க. மேலோட்டமான துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். மூட்டில் விரிசலோ, பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளமோ தெரிந்தால், வேண்டாம்.

எதையெல்லாம் சரி செய்யலாம்?

டயர், செயின், பிரேக் கட்டை எல்லாமே மாற்றக்கூடியவை. பால்ரஸைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்தாலே வண்டி லேசாக ஓடும். வீல் கோட்டம் எடுப்பதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுடுங்க. பழைய கறுப்பு சைக்கிள்களின் வழக்கமான டயர் அளவு 28 x 1½. இன்றைய 700சி டயர் அந்த ரிம்மில் உட்காராது.

திருட்டு சைக்கிளாக இருந்தால்?

சைக்கிளுக்கு ஆர்.சி. புக் கிடையாது, ஃபிரேம் எண்தான் அடையாளம். அது சுரண்டப்பட்டிருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி குற்றம். விற்பவரின் பெயர், முகவரி, ஃபிரேம் எண், தேதி, விலை எழுதி ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. அந்த ஒரு தாள்தான் உங்க ஆர்.சி. புக்!